பூனை சொன்ன வரி

முன்பு வேலை செய்துகொண்டிருந்த சாதனம் ஒன்று, புதிய பதிப்பை நிறுவிய பிறகு வேலை செய்யாமல் போனால், தவறு பதிப்பினுடையது. பயன்படுத்துகிறவர்மேல் பழி போடக் கூடாது. பழுதைத் தாமதமின்றிச் சரிசெய்ய வேண்டும். என் கணினியில் ஓடும் திறந்த மூல இயங்குதளத்தை, அதாவது பென்குயினைச் சின்னமாக வைத்திருக்கும் அந்த இலவச இயங்குதளத்தைக் கட்டிக் காக்கும் கூட்டத்தாரின் முதல் விதி இது. ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெறும்வரை நான் படித்த விதிகளில் ஒன்றுகூட இத்தனை தெளிவாக இருந்ததில்லை. எங்கள் விதிகள் 'இயன்றவரை' என்று தொடங்கும். இல்லாவிட்டால் 'தகுந்த அதிகாரியின் விருப்பப்படி' என்று முடியும்.

அந்த விதி பொருந்த வேண்டிய பொருள், ஐதராபாத் ஹப்சிகுடாவில் என் மேசைமேல் கிடந்தது. சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்பு ஹார்டு டிஸ்க். கணினிக்கு வெளியே, கம்பி வழியாகச் செருகுகிற வகை. அதற்குள் என் மனைவியின் தலை இருந்தது.

விளக்கமாகச் சொல்ல வேண்டும். அவளுக்கு மூளையை மூடியிருக்கும் சவ்வில், இடது காதுக்குப் பின்பக்கமாக, ஒரு கட்டி. புற்று இல்லாத சாது வகை, ஆண்டுக்கொரு முறை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டு வரி கட்டுவதுபோல அதையும் ஆண்டுதோறும் முடித்துவிட்டு மறந்துவிடுவோம். இந்தக் கோடையில் அவள் நடை ஒரு பக்கமாக லேசாகச் சாய ஆரம்பித்தது. புதிதாக ஸ்கேன் எடுத்துக்கொண்டு, வேறு ஒரு பெரிய அறுவை மருத்துவரிடம் போனோம்.

ஆண்டு வரிசைப்படி அடுக்கி, பக்க எண் போட்டு, கயிறு கட்டிய கோப்பை அவர் முன்னால் வைத்தேன். அவர் இரண்டு தாளைப் புரட்டிவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"இதெல்லாம் அறிக்கை. எனக்குப் படம் வேண்டும்" என்றார் ஆங்கிலத்தில். "ஒருவர் நீளத்தை அளந்திருக்கிறார், ஒருவர் அகலத்தை அளந்திருக்கிறார். 'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்று எல்லாருமே எழுதியிருக்கிறார்கள். யாருக்குக் குறிப்பிடத்தக்க?"

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆனால் அடுத்து அவர் சொன்னது பிடிக்கவில்லை. பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, கட்டி வளர்ந்திருந்தால் எடுத்துவிட வேண்டும். வளரவில்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம், நடை சாய்வதற்கு வேறு காரணம் தேடலாம். பழைய படங்கள் கிடைக்காவிட்டால், பாதுகாப்பு கருதி எடுத்துவிடுவதே நல்லது என்பது அவர் ஆலோசனை. ஜூலை நடுவில் அறுவைக்கு ஒரு நாளும் குறித்துக் கொடுத்தார்.

என் மனைவி ரயில்வே பணிமனைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழில் வட ஆற்காடும் தக்கணி இந்தியும் ஒரே பெட்டியில் பயணம் செய்யும். லிஃப்ட் கதவு மூடியதும் ஆரம்பித்தாள்.

"சேஃப்டிக்கு ஹெல்மெட் போடுவாங்க. மண்டைய பொளப்பாங்களா?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றார்."

"வளந்திருக்குன்னா பொளக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல. தெரியாம பொளக்கறது நக்கோ. ஆபீசர் சாப்தான் எல்லாத்தையும் பத்திரமா வச்சிருக்கீங்கல்ல? எடுங்க."

பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் பழைய படங்கள் இருந்த டிஸ்க்கைச் செருகினேன். அதன் நீல விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. திரையில் எதுவும் வரவில்லை. இயங்குதளம் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் பதிவைத் திறந்து பார்த்தால், சாதனம் மறுதொடக்கம், சாதனம் மறுதொடக்கம் என்று ஒரே வரி கீழே கீழே இறங்கிக்கொண்டே போயிற்று.

நடந்தது இதுதான். டிஸ்க்குக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நின்று பேசும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதுவரை அது இந்தப் பெட்டியோடு பழைய, மெதுவான முறையில் பேசிவந்தது. முந்தைய வாரம் நான் நிறுவிய புதுப் பதிப்பில், வேகமான புதுமுறையில் பேசத் தொடங்கியிருந்தது. பெட்டிக்குள் இருக்கும் சில்லு, 'எனக்கும் புதுமுறை தெரியும்' என்று தலையாட்டிவிட்டு, முதல் வாக்கியத்திலேயே மயங்கி விழுந்தது. சான்றிதழில் இருக்கும் திறமை கையில் இல்லாத ஒப்பந்தக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால், காலாவதியானது எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று அதை முதல் நாளே அழித்திருந்தேன்.

படங்கள் முதலில் மெல்லிய சிடி தகடுகளில்தான் இருந்தன. தொழிற்சாலைக் குடியிருப்பைக் காலி செய்தபோது, பழைய பதிவுகளைக் கழிக்கும் முறைப்படி அவற்றை டிஸ்க்கில் ஏற்றி, கோப்புக்குக் கோப்பு சரிபார்த்து, தகடுகளை உடைத்துப் போட்டேன். ஒரே ஒரு பிரதியை நம்பக் கூடாது என்று தெரியாதவனா நான்? இன்னொரு டிஸ்க்கிலும் ஏற்றி, அலமாரியில் பூட்டி வைத்தேன். இரண்டையும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாடலில் வாங்கியிருந்தேன். தொழிற்சாலையில் பம்பு வாங்கினாலும் அப்படித்தான் வாங்குவோம். ஒன்று கெட்டால் மற்றதன் பாகத்தை எடுத்துப் போடலாம் அல்லவா. அலமாரியைத் திறந்து இரண்டாவதைச் செருகினேன். அண்ணனைப் போலவே, அதே தாளத்தில் கண் சிமிட்டியது. ஸ்கேன் எடுத்த மையம் மூடிப்போய், அந்த இடத்தில் இப்போது கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள்.

மகள் கொண்டாப்பூரில் இருக்கிறாள். அவளும் அவள் கணவரும் மென்பொருள் துறை. தமிழ் எல்லாம் புரியும். பதில்தான் தெலுங்கில் வரும். டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போனேன்.

"குதரது அப்பா. இது ஆபீஸ் லேப்டாப். யூஎஸ்பி பெடிதே செக்யூரிட்டி டீம்கி அலர்ட் போதுந்தி." முடியாது, செருகினாலே பாதுகாப்புக் குழுவுக்கு எச்சரிக்கை போய்விடுமாம்.

"மாப்பிள்ளையோடது?"

"தாங்க்கி கூடா பிளாக்." அதற்கும் பூட்டு.

"சொந்தமா ஒண்ணு வச்சுக்கலையா நீங்க?"

"எந்துக்கு? ஃபோன் உந்தி கதா." எதற்கு, ஃபோன்தான் இருக்கிறதே என்கிறாள்.

பக்கத்து வீடு, எதிர்வீடு, மேல்மாடி என்று அவள் எனக்காகக் கேட்டும் பார்த்தாள். எங்கும் அலுவலகக் கணினி, எங்கும் பூட்டு. இரண்டு அடுக்குமாடிக் கோபுரம் நிறையக் கணினிப் பொறியாளர்கள் குடியிருக்கிறார்கள். ஒரு டிஸ்க்கைச் செருக ஒரு துளை கிடைக்கவில்லை.

அங்கிருந்து நேரே சிகந்திராபாத்துக்குப் போனேன். கணினிக் கடைகளாலேயே கட்டியதுபோன்ற ஒரு கட்டடம். அதில் ஒரு கடைக்காரர், என்னைவிட நாலைந்து வயதுதான் குறைவாக இருப்பார், டிஸ்க்கை வாங்கித் தம் கணினியில் செருகினார். அது காசு கொடுத்து வாங்கும் இயங்குதளம். என் டிஸ்க்கோ பென்குயின்காரர்களின் சொந்த வடிவத்தில் பதிந்தது. அந்த எழுத்தை இதற்குப் படிக்கத் தெரியாது. தனக்குப் படிக்கத் தெரியாத ஒன்றைப் பார்த்தால் அது சொல்லும் பதில் ஒன்றுதான்: இதை முழுவதும் அழித்துப் புதிதாக்கட்டுமா?

"சாப், காலி டிஸ்க். ஃபார்மேட் மாரூங் க்யா?" என்றார். அம்புக்குறி ஏற்கெனவே 'ஆம்' மேல் நின்றது.

"நக்கோ!" என்று கத்திக் கம்பியைப் பிடுங்கினேன். வேண்டாம் என்பதற்கு மனைவி சொல்லும் சொல் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கைக்கு டர்தே சாப்? காலி டிஸ்க்குக்கு இவ்ளோ பயமா?" என்று சிரித்துவிட்டு, தேநீருக்குச் சொல்லியனுப்பினார். டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

சரி, உரிய வழியில் போவோம் என்று உட்கார்ந்தேன். பென்குயின்காரர்களிடம் பழுதை எப்படித் தெரிவிக்க வேண்டும் என்பதற்கு ஒரு கையேடு உண்டு. அருமையான கையேடு. எந்தக் குழுவுக்கு அனுப்ப வேண்டும், யாருக்கு நகல் போட வேண்டும், சாதனத்தின் அடையாள எண்ணை எப்படி எடுக்க வேண்டும், பதிவின் எந்தப் பகுதியை இணைக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் இருந்தது. காலை முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். பொருள், பார்வை, மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில் என்ற முறையில், ஆங்கிலத்தில். முதல் விதியை அடிக்கோடிட்டுக் காட்டினேன். அனுப்பிய வேகத்தில் திரும்பி வந்தது. எழுத்தை அழகுபடுத்திய கடிதங்களை அந்தக் குழு ஏற்காதாம். அடிக்கோடுதான் குற்றம். விதியை வலியுறுத்தியதில் விதி மீறல். கோட்டை எடுத்துவிட்டு அனுப்பினேன். போய்விட்டது.

அதன் பிறகு ஒன்றுமில்லை.

காலையில் எழுந்ததும் அஞ்சலைப் பார்ப்பேன். பல் தேய்த்துவிட்டுப் பார்ப்பேன். பால்கனிக்கும் மேசைக்கும் நடுவே நடந்து நடந்து, கீழ்வீட்டுக்காரர், "மேல ஏதாவது சாமான் நகர்த்தறீங்களா சார்?" என்று கேட்டுவிட்டார். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. மனைவி சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து வந்து, காய்கறித் தட்டோடு எதிரே உட்காருவாள்.

"ரிப்ளை வந்துச்சா?"

"வரும்."

"உங்க ஃபேக்டரி மாதிரியா?"

"ரிமைண்டர் ஒண்ணு போட்டிருக்கேன்."

"ஹவ், போடுங்க. ஒண்ணுக்கு ரெண்டாப் போடுங்க. அதுக்கும் வரலைன்னா டெல்லிக்கு ஒரு காப்பி." அவள் தக்கணியில் 'ஹவ்' என்றால் 'ஆமாம்'.

மகள் தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. "அப்பா, வாள்ளு சும்மா செய்யறாங்க. சம்பளம் கூட கிடையாது. ரிமைண்டர்லாம் போடாதீங்க ப்ளீஸ்." கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வந்துவிடும். சம்பளம் வாங்கிக்கொண்டு பதில் போடாதவர்களோடு வாழ்ந்து பழகியவன் நான். சம்பளம் வாங்காமல் பதில் போடாதவர்களை என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை.

இதற்கு நடுவே ஒன்று நடந்திருந்தது. பழுதைத் தெரிவித்த அந்த முதல் வாரத்திலேயே, இணைய மன்றம் ஒன்றில் இதே பெட்டி, இதே நோய் என்று யாரோ புலம்பியிருந்ததைக் கண்டேன். கீழே ஒருவர் பதில் எழுதியிருந்தார். பெயர் இல்லை, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பூனைப் படம்தான். கணினி தொடங்கும்போது இந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொள், இந்த அடையாள எண் உள்ள பெட்டியோடு புதுமுறையில் பேசாதே, பழைய முறையிலேயே பேசு என்று டிரைவருக்கு அது சொல்லிவிடும் என்று எழுதி, வரியையும் கொடுத்திருந்தார். அதை அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன். வைத்ததோடு சரி.

செய்து பார்க்கவில்லை. இருப்பதே இரண்டு டிஸ்க். யாரோ ஒரு பூனை சொன்னதை நம்பி டிரைவரின் அடிமடியில் கை வைத்து, அது பாதியில் தடுமாறினால் கோப்புகள் சிதைந்துவிடும். அதோடு, அங்கீகாரம் இல்லாத மாற்றத்தை ஓடும் இயந்திரத்தில் செய்யக் கூடாது என்பது நான் நூறு பேருக்குப் பாடம் எடுத்த விஷயம். அந்த வரி சரியென்றால் குழுவினர் சொல்லட்டும். அவர்கள் சொல்லும்வரை அது வெறும் வதந்தி.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. அறுவைக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்கள். மனைவி பேசிவிட்டு வைத்தாள். நேரே என் மேசைக்கு வந்து கோப்பைத் திறந்தாள். அச்செடுத்த தாள் மேலேயே இருந்தது.

"இது என்ன, பூனை?"

சொன்னேன். என்ன தாள், எப்போது கிடைத்தது, ஏன் செய்யவில்லை, எல்லாவற்றையும் முறைப்படி. அவள் முழுவதையும் கேட்டாள். அவள் குறுக்கே பேசாமல் கேட்பது நல்ல அறிகுறி அல்ல.

"அப்ப, இத்தினி நாளா மருந்த கையில வச்சுகிட்டு டாக்டர் கையெழுத்துக்குக் காத்துகிட்டு இருக்கீங்க."

"யார் எழுதினதுன்னே தெரியாது. பூனைப் படம்!"

"இதே பூனை கோட்டு சூட்டு போட்டிருந்தா நம்பியிருப்பீங்க."

"தப்பாப் போனா ரெண்டு டிஸ்க்கும் போயிடும். அப்புறம் என்ன பண்றது?"

"இப்ப என்ன இருக்குது? ரெண்டு செங்கல்லு இருக்குது." அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் இறங்கிவிட்டது. "இன்னும் கொஞ்ச நாள்ல தெரிஞ்சும் தெரியாமலும் என் மண்டைய தொறக்கப் போறாங்க. உங்களுக்கு அப்ரூவல்தான வேணும்? குடுங்க பேனாவ."

வாங்கி, பூனையின் முகத்துக்குக் குறுக்கே கையெழுத்துப் போட்டாள்.

"என் தலை. அதுக்கு நான்தான் காம்பிடன்ட் அத்தாரிட்டி. போடுங்க."

நடைமுறையில் குறை சொல்ல முடியவில்லை. தலைக்கு உரியவரைவிடத் தகுந்த அதிகாரி யார்? அந்த வரியைத் தட்டெழுதினேன், எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தேன், கணினியை நிறுத்தித் தொடங்கினேன். இரண்டில் எதை முதலில் பலி கொடுப்பது என்று ஒரு கணம் தயங்கி, அலமாரியில் இருந்ததைச் செருகினேன். நீல விளக்கு எரிந்தது. அணையுமென்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அது எரிந்துகொண்டே இருந்தது. திரையில் ஆண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

நான் உடனே படத்தைத் திறக்கவில்லை. முதலில் எல்லாவற்றையும் கணினிக்குள் நகலெடுத்து, மூலத்தோடு ஒப்பிடத் தொடங்கினேன்.

"ஹவ், நிதானமா கம்பேர் பண்ணுங்க," என்றாள் பின்னாலிருந்து. "அதுக்குள்ள கட்டி காலேஜுக்குப் போயிடும்."

மருத்துவர் படங்களை இரண்டு திரைகளில் பக்கம் பக்கமாக வைத்தார். முதலில் அடுத்தடுத்த ஆண்டுகள். என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிறகு முதல் ஆண்டையும் இந்த ஆண்டையும் வைத்தார். எதையும் அளக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டோடு மட்டும் ஒப்பிட்டு, மாற்றம் எல்லைக்குள்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு அறிக்கையும் உண்மை. அறிக்கைகள் உண்மையாக இருக்க, கட்டி அது பாட்டுக்கு வளர்ந்து நரம்பின்மேல் சாய்ந்திருந்தது. இயந்திரத் தண்டு இப்படித்தான் தேயும், முதல் அளவோடு ஒப்பிடு, நேற்றைய அளவோடு ஒப்பிடாதே என்று நானே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன்.

மனைவி திரைக்கருகே குனிந்து பார்த்தாள்.

"இதுதானா? கடலை உருண்டை மாதிரி இருக்குது." பிறகு அவரிடம் தெலுங்கில் சொன்னாள்: "சரே டாக்டர்காரு. தீசேயண்டி." எடுத்துவிடுங்கள். அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மறுநாள் குழுவுக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். இணைப்பில் கண்ட வரியைச் சேர்த்ததில் சாதனம் இயங்குகிறது. அவசரம் கருதி முன் அனுமதியின்றிச் செய்யப்பட்ட இம்மாற்றத்துக்குப் பின்னேற்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பதில் இல்லை. காலையில் அவள் கேட்பதும் நிற்கவில்லை. "ரிப்ளை வந்துச்சா?"

அறுவை நாளன்று சக்கரக் கட்டிலில் படுத்தபடி, பச்சைத் தொப்பியோடு சொன்னாள்: "ரிப்ளை வந்தா நீங்களே பதில் போட்டுடுங்க. நான் வந்து கையெழுத்துப் போடற வரைக்கும் உக்காந்திருக்க வேணாம்." கதவு மூடிக்கொண்டது.

மகள் வெளியே உட்கார்ந்தாள். நான் உட்காரவில்லை. தண்ணீர் வைத்திருந்த இடத்துக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். "அப்பா, கூர்ச்சோ," என்று அவள் நாற்காலியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அப்போது என் கைப்பேசி அதிர்ந்தது. உள்ளேயிருந்துதான் அழைக்கிறார்கள் என்று எடுத்த வேகத்தில் என் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. மகள் வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, மீ பென்குயின்."

கடல் கடந்து எங்கேயோ இருக்கும் ஒருவர், ஐந்தாறு வரி எழுதியிருந்தார். தாமதத்துக்கு மன்னிக்கவும். நீங்கள் அனுப்பிய வரி சரியானதே. முன்பு ஓடியது ஓடாமல் போனது எங்கள் தவறுதான். முரண்டு பிடிக்கும் சாதனங்களுக்கென்று டிரைவருக்குள் இருக்கும் பட்டியலில் உங்கள் பெட்டியையும் சேர்த்துவிட்டேன். அடுத்த பதிப்பில் யாரும் எதையும் தட்டெழுத வேண்டியிருக்காது. தெரிவித்தவர் என்று உங்கள் பெயரைப் போடலாமா?

பூனையின் பெயர் எனக்குத் தெரியாது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டேன். கதவு திறக்கவில்லை. மறுபடி நடந்தேன்.

மாலையில் என்னை மட்டும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் விட்டார்கள். தலை முழுவதும் கட்டு. முகம் வீங்கி, யாரோ போல இருந்தாள். செவிலி அவள் காதருகே குனிந்து, உரத்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். மூளை அறுவை செய்தவர்களிடம் இப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பார்களாம்.

"அம்மா, மீ பேரு?"

சொன்னாள். தெளிவில்லாமல்தான், ஆனால் சொன்னாள்.

"ஏ ஊரு?"

"ஐதராபாத்." கண்ணை லேசாகத் திறந்து என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. "ரிப்ளை..."

"வந்துடுச்சு," என்றேன்.

"அம்மா, இக்கட சூடண்டி. ஈரோஜு தேதி எந்த?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். செவிலி காத்திருந்தார். இன்னொரு முறை கேட்டார்.

"ஜூலை," என்றாள். செவிலி இன்னும் குனிந்தார். பிறகு தமிழில், "பதினேழு."

செவிலி என்னைப் பார்த்தார். "கரெக்டா சார்?"

எனக்கு அந்த நேரத்தில் எதுவும் நினைவில்லை. கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன்; அந்தப் பதில் கடிதமே திறந்திருந்தது. அதை எழுதியபோது எழுதியவரின் ஊரில் இன்னும் முந்தைய நாள்தான்; அவர் கடிதம் பதினாறு என்றது. ஆனால் எழுதிய தேதியை யார் கேட்டார்கள்? நம் கைக்கு வந்து சேர்ந்த தேதிதான் செல்லும்.

"கரெக்ட்," என்றேன். ஜூலை பதினேழு, வியாழக்கிழமை.